புயல் நேரத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்வது யார்? தனுஷ்கோடி ரயில் விட்டுச்சென்ற கேள்வி

1964 டிசம்பர் 22, நள்ளிரவு. பாம்பனில் இருந்து கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கியபோது சிக்னல் கிடைக்கவில்லை. சற்று நேரம் காத்திருந்த டிரைவர், நீண்ட விசில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்பார்கள். ராட்சத அலை ரயிலையே விழுங்கியது. ஊழியர்கள் உட்பட சுமார் 115 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

தப்பு டிரைவர் மேலயா? இல்லை. இருட்டில், தகவலே இல்லாமல், அத்தனை உயிருக்குமான முடிவை ஒரே ஆளிடம் விட்டதுதான் தப்பு.

ரயிலுக்கு என்ன ஏற்பாடு?

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தது. மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் சிவப்பு, ரயில் நிற்கும். 'போலாமா, வேணாமா' என்று டிரைவர் குழம்ப வேண்டியதில்லை.

பஸ்ஸுக்கு?

பக்கத்திலேயே 1988-ல் திறந்த சாலைப் பாலம். அதே கடல், அதே காற்று. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை, இருபுறமும் கடல். 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இப்படியொரு நாளில் ஸ்டியரிங் பிடிப்பவருக்கும் தெளிவான உத்தரவு வேண்டும்.

இதில் புதுசா எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் முதலுதவிப் பெட்டி, அதைப் பயன்படுத்த டிரைவருக்கோ கண்டக்டருக்கோ பயிற்சி என்று 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பெட்டியை மாட்டிவிடலாம், பயிற்சியை மாட்டிவிட முடியாது.

செய்ய வேண்டியது என்ன?

* எந்தக் காற்று வேகத்தில் பாலத்திலும் அரிச்சல்முனை சாலையிலும் பஸ் ஓடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அது டிப்போ சுவரில் மட்டுமில்லாமல் டிரைவர் மனதிலும் பதிய வேண்டும்.
* ஆபத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தியவருக்கு டிரிப் கட், வசூல் படி இழப்பு என்று தண்டனை கூடாது. அந்தப் பயம் இருந்தால் யாரும் பிரேக்கை மிதிக்க மாட்டார்கள்.
* வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒத்திகை: எங்கே திருப்புவது, பயணிகளை எங்கே இறக்குவது, போன் போனால் யாரிடம் சொல்வது.

'கடைசி பஸ்ஸை நிறுத்தினா ஜனங்க எப்படி வீடு போவாங்க?' நியாயமான கேள்விதான். அதற்குப் பதில், அவர்கள் தங்க இடமும் தகவலும் தயாராக வைப்பது. டிரைவரின் துணிச்சலை நம்பி வண்டியை அனுப்புவது அல்ல.

அன்றைக்கு அந்த டிரைவருக்குக் கிடைக்காத சிக்னல், இன்றைய பஸ் டிரைவருக்காவது கிடைக்க வேண்டும்.