மஞ்சள் கடுதாசி

பிரயாணம் என்றால் மூட்டை கட்டுவதும் டிக்கெட் வாங்குவதுந்தான் என்று ஜனங்கள் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. இப்போதோ பிரயாணத்தில் முக்கால் பங்கு காகிதத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பட்டினப்பாக்கம் கடற்கரையில் மாலை வேளையில் காற்று வாங்க வருகிற பெரியவர்களின் சம்பாஷணைக்குச் சற்றுக் காது கொடுத்தால் இது விளங்கும். “பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான், இந்தத் தடவை பனாமாக் கால்வாயைக் காட்ட எங்களை அழைத்துப் போகிறானாம்” என்று ஒருவர் சொன்னால் போதும். “விசா ஆயிற்றா?” என்று நாலு பேர் ஏக காலத்தில் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்வி இன்னொன்றும் இருக்கிறது. அதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றியே இந்த வாரம் நாம் எழுத எண்ணுகிறோம்.

முதலில் விசா விஷயத்தைப் பார்த்துவிடலாம். வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் பிணைக்கும் ஒடுங்கிய நிலத்தின் தென்கோடியில் உள்ள சிறு தேசம் பனாமா. இந்தியப் பாஸ்போர்ட்டு உள்ளவர்கள் அங்கே உல்லாசப் பிரயாணம் போவதற்குப் பொதுவாக விசா வேண்டும். அதற்கான தூதராலயம் புது தில்லியில் இருக்கிறது. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, பிரிட்டன் முதலிய சில தேசங்களின் விசாவை, அதுவும் பல தடவை நுழைய இடம் தரும் விசாவைப் பெற்று, அதை ஒரு முறையாவது உபயோகித்தவர்களுக்குச் சில நிபந்தனைகளுடன் பனாமா விலக்குக் கொடுக்கிறது. பெரிய வீட்டுக்காரர் சோதித்து உள்ளே விட்ட மனிதரை நாமும் ஒரு முறை சோதிப்பானேன் என்பது சின்ன வீட்டுக்காரரின் யோசனை போலும்! இவை தவிர, திரும்பிப் போவதற்கு டிக்கெட்டும், செலவுக்கு 500 டாலருக்குக் குறையாத வசதியும் இருப்பதைக் காட்டச் சொல்வார்கள்.

இந்த விதிகள் அடிக்கடி மாறுகிறவை. ஆகையால் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுமுன் தூதராலயத்தாரிடமே விசாரித்துக் கொள்வது உத்தமம். போன வருஷம் போய் வந்த சிநேகிதரின் வார்த்தையை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம்.

பனாமா நம்மை உள்ளே விடுமா என்பது எல்லோருக்கும் உள்ள கவலை. நம் சொந்த ஊருக்குத் திரும்பி வரும்போது என்ன கேட்பார்கள் என்று கவலைப்படுகிறவர் அபூர்வம். விஷயம் அங்கேதான் இருக்கிறது. மஞ்சள் ஜுரம் என்னும் வியாதி உள்ள தேசங்கள் என்று நம் சர்க்கார் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள பல தேசங்களோடு பனாமாவும் அதில் இடம் பெற்றிருக்கிறது. அங்கிருந்து புறப்பட்ட ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் வந்து இறங்குகிறவர்கள், அந்த ஜுரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டதற்கான அத்தாட்சிச் சீட்டைக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்களை, அந்த ஆறு நாள் கெடு முடியும் வரையில் தனியே வைத்துவிடுவார்கள். வியாதி உடம்பில் புகுந்த பிறகு வெளியே தெரிவதற்கு அதிகபட்சம் ஆறு நாள் ஆகும் என்பதே இந்தக் கணக்கின் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்களிடம் பனாமா இந்தச் சீட்டைக் கேட்பதில்லை. நம் தேசத்தில் அந்த வியாதி கிடையாது, கேட்பானேன்? கேட்கிறவர்கள் நம்மவர்களே. போகும்போது ஒருவரும் கேட்காத காகிதத்தை வரும்போது கேட்கிறார்கள். அதனாலேயே பலர் அகப்பட்டுக் கொள்கிறார்கள்.

அந்தச் சீட்டின் நிறமும் மஞ்சள்தான். நம் ஊரில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்றால் கடனைக் கட்ட வழியில்லாமல் கோர்ட்டில் கையை விரித்துவிட்டான் என்று அர்த்தம். இந்த மஞ்சள் கடுதாசியோ அதற்கு நேர் எதிரிடை. இதை வைத்திருக்கிறவர் யோக்கியர், இல்லாதவருக்குத்தான் கஷ்டம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்குப் பதில் பனாமாவின் சரித்திரத்திலேயே இருக்கிறது. சூயஸ் கால்வாயை வெட்டிப் புகழ் பெற்ற பிரெஞ்சுக்காரர் லெஸ்ஸெப்ஸின் தலைமையில் 1881-ல் பனாமாவில் வேலை தொடங்கியது. 1889-ல் அந்தக் கம்பெனி முறிந்து போயிற்று. அதற்குள் மஞ்சள் ஜுரத்தாலும் மலேரியாவாலும் பிற காரணங்களாலும் மாண்டவர்கள் இருபதினாயிரம் பேருக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அருமையான ஆஸ்பத்திரிகளைக் கட்டினார்கள். எறும்பு ஏறாமல் இருப்பதற்காகக் கட்டில் கால்களின் கீழும் தோட்டத்துச் செடிகளைச் சுற்றியும் தண்ணீர்க் கிண்ணங்கள் வைத்தார்கள். நம் வீட்டுப் பெண்மணிகள் பலகார அலமாரிக்குச் செய்கிற அதே உபாயந்தான். அந்தத் தண்ணீரில் கொசு முட்டையிட்டது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நோயாளியைக் கடித்தது. அடுத்த கட்டிலுக்குப் பறந்தது.

கொசுவே இந்த வியாதியைப் பரப்புகிறது என்று கியூபா தேசத்து டாக்டர் கார்லோஸ் பின்லே அதே 1881-ஆம் வருஷத்தில் எடுத்துச் சொன்னார். கேட்பார் இல்லை. 1900-ல் வால்ட்டர் ரீட் என்னும் அமெரிக்க ராணுவ வைத்தியர் தம் சகாக்களுடன் அதை நிரூபித்தார். 1904-ல் அமெரிக்கர்கள் கால்வாய் வேலையை ஏற்றபோது டாக்டர் கோர்காஸ் என்பவர் பீப்பாய்களை மூடச் செய்தார். வீடுவீடாகப் புகை போட்டார். தேங்கிய தண்ணீரில் எண்ணெய் தெளித்தார். 1906-க்குள் கால்வாய்ப் பிரதேசத்தில் மஞ்சள் ஜுரம் ஒழிந்தது. கால்வாய் 1914-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி திறக்கப்பட்டது. தேதி நமக்குப் பரிச்சயமானதுதான்!

கால்வாய் திறப்பதற்கு முன்பே இந்தியாவில் ஒரு பயம் எழுந்தது. கப்பல்கள் குறுக்கு வழியாகச் சீக்கிரம் வந்து சேர்ந்தால், அவற்றோடு அந்த ஜுரமும் கீழ்த்திசைத் துறைமுகங்களுக்கு வந்துவிடாதா? இந்திய வைத்திய சர்வீஸைச் சேர்ந்த மேஜர் எஸ். பி. ஜேம்ஸ் இதை ஆராய்ந்து, இந்தியாவை மஞ்சள் ஜுரத்திலிருந்து காப்பது எப்படி என்று 1913-ல் எழுதினார். கப்பல் போய் விமானம் வந்தது. பயம் அதிகரித்ததேயன்றிக் குறையவில்லை.

ஏனென்றால், வியாதியைச் சுமக்கும் கொசு நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் அதே கொசு, பட்டினப்பாக்கத்து வாசலில் மூடாமல் வைத்த தண்ணீர் டிரம்மிலும், மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையிலும் சுகமாகக் குடித்தனம் நடத்துகிறது. இல்லாதது கிருமி ஒன்றுதான். அந்தக் கிருமியை ரத்தத்தில் ஏந்தி ஒரே ஒரு மனிதர் வந்து இறங்கினாலும் போதும். இந்த ஜுரத்தை எதிர்க்கும் சக்தி நம் ஜனங்களுக்கு இல்லை. அதை நேரே தீர்க்கும் மருந்தும் இல்லை. வருமுன் காக்கும் ஊசி மட்டும் உண்டு. அதை 1937-ல் மாக்ஸ் தைலர் என்னும் விஞ்ஞானி கண்டுபிடித்தார். 1951-ல் நோபல் பரிசும் பெற்றார்.

சென்னைவாசிகளுக்கு இந்த ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும், ராஜாஜி சாலையில் உள்ள துறைமுகச் சுகாதார நிலையத்திலும் கிடைக்கிறது. ஒரு சீசாவில் பலருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆகையால் குறிப்பிட்ட நாட்களில் பல பேரைச் சேர்த்தே போடுகிறார்கள். நாளை முன்கூட்டியே விசாரித்துப் பதிந்துகொள்ள வேண்டும். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சீட்டு செல்லும். 2016-ஆம் வருஷம் ஜூலை முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும் என்று ஆகியிருக்கிறது. அறுபது வயது கடந்தவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையுடன் இருப்பவர்கள், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆகியோர் டாக்டரைக் கலந்துகொள்ளாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. பேரனைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகள் இதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும்.

ஊசியே போடாமல் சீட்டு மட்டும் வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் தரகர்கள் உண்டு. “சர்க்கார் விதிதானே, தப்பித்துக் கொண்டால் சாமர்த்தியம்” என்று நினைக்கிற படித்த மனிதர்களும் உண்டு. 1930-ல் வேதாரண்யத்தில் ராஜாஜியும் தொண்டர்களும் உப்புச் சட்டத்தை மீறினார்கள். அந்நியர் போட்ட சட்டத்தை, பட்டப்பகலில், பெயரைச் சொல்லி மீறினார்கள், சிறைக்கும் போனார்கள். நம் ஜனங்களைக் காக்க நாமே போட்டுக்கொண்ட விதியைப் பொய்ச் சீட்டால் ஏய்ப்பவர் எந்தச் சிறைக்குப் போகத் தயார்? அவர் ஏமாற்றுவது மேஜைக்குப் பின்னால் இருக்கும் உத்தியோகஸ்தரை மட்டுமல்ல. சீனிவாசபுரத்துக் குடிசையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து குடத்தில் பிடித்துவைக்கும் தாயையும் அவள் குழந்தைகளையும் சேர்த்தே ஏமாற்றுகிறார். வியாதி வந்தால் முதலில் அகப்படுகிறவர்கள் அவர்களே.

ஆகவே பனாமாவுக்குப் போகிறவர்கள் ஹோட்டல் அறையைத் தேடுமுன் ஊசிக்கு நாள் தேடட்டும். போகாதவர்கள் வீட்டுத் தொட்டிக்கு ஒரு மூடி தேடட்டும். சீட்டு கைக்கு வந்ததும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டியின் அடியில் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட வேண்டாம். விமான நிலையத்தில் சுகாதார உத்தியோகஸ்தரைத் தாண்டிய பிறகுதான் பெட்டி கைக்கு வரும்.