என் வண்டி லைட்டும் மாமாவோட கையும்



மஞ்சள் வெட்டு பத்தி எழுதறேன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்னைக்கு வண்டி லைட்டு பத்திச் சொல்லியாகணும். தப்பு செஞ்சவன் நான்தான், அதனால மறைக்காமச் சொல்றேன்.

டவுன்ல ராத்திரி ரோடுன்னா தெருவிளக்கு இருக்கும். எங்க ஊர்ல மெயின் ரோட்ட விட்டு இட்டேரிக்குள்ள திரும்பிட்டா, வண்டி லைட்டு மட்டுந்தான் வெளிச்சம். இட்டேரின்னா ரெண்டு பக்கமும் வேலி இருக்கிற மண்தடம். மோட்டார் ஓட்டற மும்முனைக் கரண்ட் எங்களுக்கு முறை வச்சுத்தான் வரும். ராத்திரி முறைன்னா நடுச்சாமத்துல எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போகணும். கட்டுவிரியன் குறுக்க கிடக்கும், காட்டுப்பன்னி கூட்டமா ஓடும்.

என் வண்டி 2011-ல வாங்குன 100 சிசி. ஹெட்லைட் பல்பு 35 வாட். அதுக்குக் கரண்ட் பேட்டரியில இருந்து வராது, இன்ஜின் காயில்ல இருந்து நேரா வரும். முறுக்கினா பளிச்சுன்னு எரியும். குழியப் பார்த்து மெதுவாப் போனா மங்கிடும். எங்க வெளிச்சம் வேணுமோ அங்கதான் இருக்காது.

சரின்னு 20 வாட் எல்இடி விளக்கு ரெண்டு வாங்கி ஹேண்டில்பார்ல ரெண்டு பக்கமும் மாட்டினேன். ராத்திரி உழவுக்கு டிராக்டர்ல மாட்டற மாதிரி விளக்கு. மோட்டார் வேலை தெரிஞ்சவன்தானேன்னு நானே பேட்டரியில இருந்து நேரா ஒயர் இழுத்து, ஒரு சுவிட்ச் வச்சு, டேப் சுத்தி முடிச்சேன். பீஸ் போடல. இட்டேரி முழுக்கப் பகல் மாதிரி ஆயிருச்சு. எனக்கு ஒரே பெருமை.

மார்கழியில ஒரு விடியக்காலம், அஞ்சு மணி இருக்கும். வாய்க்கால் மேட்டுல வந்துட்டிருந்தேன். எதிர்ல எதிர்த்தோட்டத்து மாமா சைக்கிள்ல சொசைட்டிக்குப் பால் கொண்டு போறார். எழுபது வயசு. அவரு சரக்குன்னு ஓரம் ஒதுங்குனதுதான் தெரியும், சைக்கிளோட பள்ளத்துல விழுந்துட்டார். ஓடிப்போய்த் தூக்கினேன். கை மணிக்கட்டு மடங்கித் தொங்குது. அப்பவும் அவரு சொன்னது, “மாப்ள, உன்ற வண்டின்னே தெரியலடா. ரெண்டு லைட்டப் பாத்து லாரின்னு நெனச்சு ஒதுங்கிட்டேன்.”

ஆறு வாரம் மாவுக்கட்டு. அவரால பால் கறக்க முடியல. காலையும் சாயங்காலமும் நான் போய்க் கறந்தேன். ஒரு மாடு என் கைக்குப் பாலே விடல. மடி வத்திப்போய்க் கடைசியில அத வித்துட்டார். வைத்தியச் செலவு நான் குடுத்தேன், வாங்கிக்கிட்டார். மாட்டுக்குக் குடுத்ததை வாங்கல.

அப்புறந்தான் வண்டிய டவுன்ல ஒரு எலக்ட்ரீசியன்கிட்ட விட்டேன். டேங்க்கக் கழட்டிக் காட்டினார். ஹேண்டில் திரும்பற கழுத்துல நான் இழுத்த ஒயர் உரசி உரசித் தோல் போய்ச் செம்பு தெரியுது. மேல பெட்ரோல் டேங்க். பீஸ் இல்லாத ஒயர் பாடியில பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவர் சொல்ல வேண்டியதே இல்ல.

முப்பது வருசமா மோட்டார் ஓட்டறேன். ஸ்டார்ட்டர் இல்லாம, பீஸ் கட்டை இல்லாம யாராவது மோட்டாருக்கு லைன் குடுப்பாங்களா? வண்டிக்கும் அதே கணக்குத்தான்னு எனக்குத் தோணல. ஸ்டார்ட்டர்ல பச்சைப் பட்டனை அமுத்துனா சின்னக் கரண்ட் உள்ள இருக்கற காயிலுக்குப் போகும், காயில் இழுத்ததும் பெரிய கரண்ட் மோட்டாருக்குப் போகும். வண்டியில அந்த வேலையச் செய்யறது ரிலே. அதுல நாலு கால், நம்பர் போட்டிருக்கும். 30-க்குப் பேட்டரி பிளஸ்ல இருந்து பீஸ் வழியா வரணும். அந்த பீஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். 87-ல இருந்து விளக்குக்கு. 86-க்குச் சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற ஒயர்ல இருந்து சுவிட்ச் வழியா. 85 எர்த். சாவிய எடுத்தா விளக்கும் அணைஞ்சிரும்.

இன்னொண்ணு, விளக்கோட வாட்டை 12-ஆல வகுத்தா ஆம்பியர். நான் போட்டது மொத்தம் 40 வாட், மூணே கால் ஆம்பியருக்கு மேல. என் பேட்டரியே 3 ஆம்பியர் அவர்தான். இன்ஜின நிறுத்திட்டு விளக்க மறந்து விட்டா ஒரு மணி நேரங்கூடத் தாங்காது. இப்ப ரெண்டும் சேர்த்து 20 வாட், 3 ஆம்பியர் பீஸ். ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பினாலும் இழுக்காத மாதிரி ஒயர் தளர்வா விட்டிருக்கு.

ஒயரிங் சரியாயிட்டா எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்லை. மாமா விழுந்தது ஒயரால இல்ல, வெளிச்சத்தால. ஹெட்லைட்ல டிம் போட்டா வெளிச்சம் தரைக்கு இறங்கும். வேலை விளக்குல டிம்மே கிடையாது, எதிர்ல வர்றவங்க கண்ணுக்கு நேராப் போகும். அதனால இப்ப ஹேண்டில்ல இருந்து இறக்கி, கீழ இன்ஜின் பக்கம் மஞ்சள் விளக்கா மாட்டியிருக்கு. ராத்திரியில செவுத்துக்கு 25 அடி தள்ளி வண்டிய நிறுத்தி, ஆள் உக்காந்து பார்த்தேன். விளக்கு இருக்கற உயரத்துக்கு மேல செவுத்துல வெளிச்சம் ஏறாத மாதிரி சாய்ச்சு வச்சாச்சு.

இதை ஏன் உங்களுக்கு எழுதறேன்னா, லீவு நாள்ல மலைக்குப் போற பெரிய பைக்குகள் எங்க ரோட்டு வழியாத்தான் போகுது. நாலு விளக்கு, ஆறு விளக்கு. கேட்டா, ‘லாரிக்காரன் டிம் பண்றதில்ல, நாங்களும் போட்டுக்கறோம்’ங்கறாங்க. நானும் அதையேதான் சொன்னேன். ஆனா லாரிக்காரனுக்குப் பதில் சொல்றோம்னு நாம போடற வெளிச்சம் போய் விழறது சைக்கிள்காரர் கண்ணுலயும், தலையில புல்லுக்கட்டோட நடக்கற பொம்பளைங்க கண்ணுலயும்தான். அவங்ககிட்ட திருப்பிப் போட விளக்கு கிடையாது. வண்டிய இஷ்டத்துக்கு மாத்தறதுக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்துலயும் தடை இருக்கு. போலீஸ் இட்டேரிக்கு வராதுங்கற தைரியத்துல செய்யறோம், நானும் சேர்த்துத்தான்.

கூடுதல் விளக்கே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். இருட்டுல போறவனுக்கு அது தேவை. எதிர்ல ஆள் தெரிஞ்சா அணைக்கறதுக்குக் கட்டைவிரல் எட்டற எடத்துல தனி சுவிட்ச் இல்லாம மாட்டாதீங்கன்னுதான் சொல்றேன். கரண்ட்டை இலவசமாத் தர்றாங்க, நன்றிதான். அதையே பகல்ல தந்தா, என்னை மாதிரி ஆளுங்களுக்குப் பாதி விளக்கு தேவைப்படாது.

நேத்து விடியக்காலம் மாமா எதிர்ல வந்தார். தூரத்துலயே சுவிட்ச அணைச்சேன். கிட்ட வந்து “மாப்ளயா?”ன்னு கேட்டுட்டுப் போனார். கேன்ல இப்ப ஒரு மாட்டுப் பால்தான்.

அடுத்த வாரம் மஞ்சள் வெட்டு.