பந்தை வைத்துவிட்டுப் போனவர்

கர்நாடக எல்லையை ஒட்டிய நாட்றாம்பாளையத்தில் பிள்ளைக்குப் பதினேழு வயதானால் வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆட்டமா, படிப்பா?" டிப்ளமோ முடித்தால் ஓசூர் சிப்காட்டில் வேலை என்ற கணக்கில், பந்து பரணுக்குப் போய்விடும்.

அந்தப் பெற்றோரிடம் நான் சொல்வது கிரிக்கெட் வீரர் எரபள்ளி பிரசன்னாவின் கதை. எல்லைக்கு அப்பால், பெங்களூர்க்காரர். 1962-இல் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். அதே ஆண்டு மேற்கிந்தியத் தீவுகள் பயணம். திரும்பி வந்தவர் பந்தை வைத்துவிட்டு, மைசூரில் பொறியியல் படிப்பை முடிக்கப் போனார். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் டெஸ்ட் பக்கமே இல்லை! இருபத்திரண்டு வயதுச் சுழற்பந்து வீச்சாளருக்கு அது எத்தனை பெரிய இழப்பு என்று ஆடியவர்களுக்குத்தான் தெரியும்.

1967-இல் பட்டத்தோடு திரும்பினார். தன் முதல் 20 டெஸ்டுகளில் 100 விக்கெட். இந்தியர்களில் அந்தச் சாதனையை 2013-இல் முறியடித்தவர் அஸ்வின். அவரும் பொறியியல் பட்டதாரி. பிரசன்னாவின் மொத்தக் கணக்கு 49 டெஸ்டுகள், 189 விக்கெட்டுகள்.

திறமை மட்டும் இருந்தால் போதாது. அவருக்குத் திரும்பி வர ஓர் இடமும் இருந்தது. நம் பையன்களுக்கு இல்லாதது அந்த இடம்தான். ஓசூர் ஆலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ஷிப்டு முடிந்து வரும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மைதானத்தைத் திறந்து வையுங்கள்.