குளிர்பான வண்டியும் ஆய்வாளரின் வாசலும்

கடந்த சில ஆண்டுகளாகத் தொழிலாளர் ஆய்வு என்றாலே செயலிவழி உணவு கொண்டுவரும் இளைஞர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். கருத்தரங்கத் தலைப்புகளிலும் முனைவர் பட்ட முன்வரைவுகளிலும் இதழ்களின் சிறப்புப் பகுதிகளிலும் 'கிக்' தொழிலாளரே நிறைந்திருக்கிறார். அவர் ஆய்வுக்குரியவர் என்பதில் ஐயமில்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவரை வரையறுத்தது. 2023இல் ராஜஸ்தான் அவருக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. மறுக்கப்பட வேண்டியது இந்த அக்கறையை அன்று, அது ஆளைத் தெரிவுசெய்யும் முறையை. ஆய்வாளரின் கதவைத் தட்டுபவரே ஆய்வாளரின் கண்ணுக்குத் தொழிலாளியாகத் தெரிகிறார். அதே ஆய்வாளர் தெருமுனைக் கடைக்கு இறங்கிவந்து வாங்கிக் குடிக்கும் குளிர்பானத்தை அன்று காலை அங்கே இறக்கிவைத்த வண்டி ஓட்டுநர், அடிக்குறிப்பிலும் அரிதாகவே இடம்பெறுகிறார்.

மும்பையில் இந்தப் பாராமுகம் கூடுதலாக உறுத்துகிறது. சமூக அறிவியலுக்கென்றே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் இயங்கும் நகரம் அது. தாராவியின் தோல் தொழில், கும்பார்வாடாவின் மண்பாண்டம், பிளாஸ்டிக் மறுசுழற்சி, மறுசீரமைப்புத் திட்டம் ஆகியவை பற்றி எழுதப்பட்டவை ஒரு நூலகத்தையே நிரப்பும். தமிழ்க் கற்பனையோ 'நாயகன்' (1987) தொடங்கி 'காலா' (2018) வரை அங்கே தலைவர்களைத் தேடியே பழகிவிட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குப் போனவர்களின் பிள்ளைகள் எல்லோரும் தாதாக்களாகிவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதே வேடிக்கை.

செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று செல்லும் ஒரு குளிர்பான டெம்போவின் அன்றாடச் சுற்றை எண்ணிப் பார்க்கலாம். 200 மில்லி கண்ணாடிப் புட்டிகள் 24 அடங்கிய ஒரு பெட்டியில் பானம் மட்டும் 4.8 லிட்டர். திரும்பப் பெறும் புட்டி என்பதால் கண்ணாடி தடித்தது. அதன் எடை பானத்தின் எடையை விஞ்சும். ஆக, பெட்டி 10 கிலோவுக்குக் குறையாது. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் 12 கொண்ட பெட்டி 12 கிலோ. பெரிய தண்ணீர் கேன் 20 கிலோவுக்கு மேல். ஒரு நாளில் நூறு பெட்டி இறக்கினாலே ஒரு டன்னைத் தாண்டுகிறது. கண்ணாடிப் புட்டியில் வேலை இறக்குவதோடு முடிவதுமில்லை. காலிப் பெட்டிகளைக் கடையில் எண்ணி வாங்கி, வண்டியில் ஏற்றி, கிடங்கில் மறுபடி இறக்கி எண்ண வேண்டும். உடன் ஒரு கிளீனர் இருந்தால் பாதிச் சுமை. அவர் வராத நாளில் முழுச் சுமை.

இடமும் சுமையைக் கூட்டுகிறது. தாராவியில் 90 அடிச் சாலையிலோ 60 அடிச் சாலையிலோ வண்டி நின்றுவிடும். உள்ளே இருக்கும் கடைக்கு அதற்கப்பால் தள்ளுவண்டி, அதுவும் நுழையாத சந்தில் தோள். மாட்டுங்காவில் சிக்கல் வேறு. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள உணவகங்களுக்குப் பானம் வேண்டும், பானம் கொண்டுவரும் வண்டி நிற்க இடம் கிடையாது. சாலையோரம் நிறுத்தினால் மின்னணு சலான். அந்த அபராதங்களுக்கு எதிராக மகாராஷ்டிரச் சரக்கு வண்டி உரிமையாளர்கள் 2025 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது உரிமையாளர்களின் போராட்டம். சலான் வண்டி எண்ணுக்கு வருகிறது. இறுதியில் யாருடைய சம்பளத்தில் கழிகிறது என்பதை யாராவது களத்தில் கேட்டு எழுதியிருந்தால் அந்த ஆய்வு பத்துக் கருத்தரங்கக் கட்டுரைகளுக்கு ஈடாகும்.

மொழியியல் பயின்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதற்குள் இருக்கிறது. இந்த மனிதர் வண்டி ஓட்டுகிறார், சுமை தூக்குகிறார், ஆர்டர் எடுத்துப் பணமும் வசூலிக்கிறார். வேலைகள் மூன்று. சம்பளப் பதிவேட்டில் சொல் ஒன்று: 'டிரைவர்'. அந்த ஒற்றைச் சொல் மற்ற இரண்டு வேலைகளையும் கூலியில்லாத உதவியாக மாற்றிவிடுகிறது.

சுமைக்கு மகாராஷ்டிரத்தில் ஒரு மரியாதையான சொல் உண்டு: 'மாத்தாடி'. தலையைக் குறிக்கும் 'மாத்தா' என்னும் மராத்திச் சொல்லிலிருந்து பிறந்தது. அண்ணாசாகேப் பாட்டீல் திரட்டிய இயக்கத்தின் விளைவாக 1969இல் மாத்தாடிச் சட்டம் வந்தது. முத்தரப்பு வாரியத்தின் வழியாகக் கூலியும் அதன்மேல் ஒரு தீர்வையும் செலுத்தப்பட்டு, வருங்கால வைப்பு நிதி முதலியன உறுதியாயின. பின்னர் கேரளம் 1978இலும் தமிழ்நாடு 1982இலும் சுமைப்பணியாளர்களுக்குச் சட்டம் இயற்றின. ஆனால் 'டிரைவர்' என்று பதிவானவர் பெட்டியைத் தூக்கும்போது அவருக்கு அந்த வாசல் எளிதில் திறப்பதில்லை. அவர் தூக்குவது சுமையாகாமல் 'டெலிவரி' ஆகிவிடுகிறது.

மூன்றாவது வேலையோ ஆபத்தானது. விற்பனையாளர் என்ற பெயர் ஏற்றமாக ஒலிக்கிறது. 1994இல் சாண்டோஸ் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம், விற்பனை மேம்பாட்டுப் பணி தொழில் தகராறுகள் சட்டத்தின் 'தொழிலாளி' வரையறைக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. மருந்து விற்பனைப் பிரதிநிதிகளைப் பற்றிய வழக்கு அது. ஆயினும், முதன்மைப் பணி எது என்று பார்க்கும் சட்டத்தின் முன்னால் 'டிரைவர்-கம்-சேல்ஸ்மேன்' என்ற பட்டத்தின் எந்தப் பாதி எடைபோடப்படும் என்பது ஓட்டுநரின் கையில் இல்லை. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் விற்பனை மேம்பாட்டுப் பணியாளரைத் 'தொழிலாளி'க்குள் சேர்த்திருக்கிறது. புட்டி இறக்கிப் பணம் வாங்குபவர் அச்சொல்லுக்குள் அடங்குவாரா என்பது சட்டத்துறை மாணவர் எவரும் எடுத்துக்கொள்ளத்தக்க கேள்வி.

குளிர்பானத்தை எதிர்த்தவர்களும் இவரைக் காணவில்லை. பிளாச்சிமடையில் 2004இல் ஆலை நின்றது நியாயமான வெற்றி. தாமிரபரணி நீருக்காக 2016 நவம்பரில் மதுரைக் கிளை விதித்த இடைக்காலத் தடையும், 2017 மார்ச்சில் அது விலக்கப்பட்டதும் பரவலாக விவாதிக்கப்பட்டன. அதே மார்ச் முதல் தேதி தமிழக வணிகர் அமைப்புகள் பன்னாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. உள்ளூர்ப் பானங்களுக்கு வாழ்த்துகள் குவிந்தன. நீர் யாருடையது, லாபம் யாருக்கு என்ற கேள்விகள் சரியானவை. உள்ளூர்ப் பானத்தின் பெட்டியும் அதே எடைதான் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

"அவரைப் பேட்டி காண்பது கடினம்" என்பது வழக்கமான சமாதானம். உணவுச் செயலித் தொழிலாளர் உணவக வாசலில் காத்திருக்கிறார். அங்கே ஒலிப்பதிவுக் கருவியை நீட்டலாம். குளிர்பான வண்டி நிற்கும் இடத்திலோ ஓட்டுநர் தூக்கிக்கொண்டிருக்கிறார். கடினம் உண்மைதான். கிளீனர் இருக்கை இருக்கிறது; அதில் ஒரு வாரம் உட்கார்ந்து, கூடவே இறங்கிப் பெட்டி எடுத்துக்கொடுக்க ஆய்வாளருக்கு மனமிருக்க வேண்டும். இது வசதிக்கேற்பத் தரவு சேகரிக்கும் பழக்கம். அதற்குக் கோட்பாட்டுப் பெயர் சூட்டுவது அதைவிடக் கேடு.

2024 சனவரி முதலிரண்டு நாள்கள், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு விபத்துக்குப் பின் தகவல் தராமல் செல்பவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றதை எதிர்த்து ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். அப்பிரிவு இன்றி ஏனையவை அந்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. ஒரு சட்டப் பிரிவையே நிறுத்திவைத்த அந்தப் போராட்டம் நகரத்துப் படிப்பாளிகளின் நினைவில் பெட்ரோல் நிலைய வரிசையாக மட்டுமே தங்கியிருக்கிறது.

ஆய்வு தொடங்க வேண்டிய இடம் கிடங்கின் இரவுக் கணக்கு மேசை. வசூல் பணம், காலிப் பெட்டி, உடைந்த புட்டி ஆகிய மூன்றும் அங்கே எண்ணப்படுகின்றன. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும் அதன் இடத்தில் இயற்றப்பட்ட 2019ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும், பொருள் இழப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்கின்றன. இழப்பு அவருடைய கவனக்குறைவால் நேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். தாராவிச் சந்தின் ஈரப்படியில் ஒரு பெட்டி வழுக்கிய நாளில் அந்த விளக்கம் கேட்கப்படுகிறதா, கேட்டால் எந்த மொழியில், எழுதிக்கொள்பவர் யார்?