'இன்று கடல் வேண்டாம்' என்று சொல்வது யார்?

கோடை விடுமுறை, அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை என எது வந்தாலும் அந்தமானுக்குக் கிளம்பும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பெருகிவிட்டன. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான விமானப் பயணம். பாஸ்போர்ட் வேண்டாம். இறங்கிய இடத்தில் தமிழ் பேசும் ஓட்டுநரும் கடைக்காரரும் இருப்பார்கள். நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் சேமிப்பில் பவளப்பாறையைப் பார்த்துவிட்டு வர முடிகிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், ஹேவ்லாக் என்று நாம் அறிந்திருந்த ஸ்வராஜ் தீவில் கழிக்கும் அந்த ஒரு நாளில், அக்குடும்பத்தின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பது இன்னும் தெளிவாகவில்லை. தெளிவாக்க வேண்டிய கடமை அரசுடையது.

அந்த ஒரு நாளின் நிரலைப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு ஸ்கூபா டைவிங். பத்து மணிக்கு ஜெட்டி எனப்படும் படகுத்துறையிலிருந்து ஸ்பீட் போட்டில் எலிஃபண்ட் பீச். அங்கே ஸ்நார்க்கெலிங், காற்றுக் குழாய் பொருத்திய கனத்த தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கடலடியில் நடக்கும் சீ வாக், ஜெட் ஸ்கீ, பனானா ரைடு. திரும்பி வந்து அவசரச் சாப்பாடு. மாலையில் ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம். மறுநாள் காலை கப்பல், பிற்பகல் விமானம். 'நீச்சல் தெரியாதவர்களும் செய்யலாம்' என்று விளம்பரம் உறுதி கூறுகிறது. எத்தனை விளையாட்டு அடக்கம் என்பதை வைத்தே பேக்கேஜ் விற்கப்படுகிறது. எத்தனை ஓய்வு, எத்தனை பயிற்சி என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை.

ஜெட்டியில் சிறிது நேரம் நின்றால் போதும், இந்த அவசரம் கண்ணில் படும். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, முன் வாரைப் பூட்டாமல் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர் அளவு ஜாக்கெட் போடப்பட்டிருக்கிறது. பூட்டாத ஜாக்கெட்டும் அளவு பொருந்தாத ஜாக்கெட்டும் தண்ணீரில் விழுந்த கணமே தலை வழியாக மேலேறிக் கழன்றுவிடும். ஜாக்கெட் மிதக்கும், ஆள் மிதக்க மாட்டார். ஒவ்வொருவரின் வாரையும் இழுத்துப் பார்த்துவிட்டுப் படகைக் கிளப்ப இரண்டு நிமிடம் ஆகும். அடுத்த குழு வரிசையில் காத்திருக்கும்போது அந்த இரண்டு நிமிடம்தான் முதலில் காணாமல் போகிறது.

இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். 2014 ஜனவரி 26, குடியரசு நாள். போர்ட் பிளேர் அருகே, ராஸ் தீவுக்குப் போய்விட்டு நார்த் பே நோக்கிச் சென்ற 'அக்வா மரைன்' என்ற சுற்றுலாப் படகு கடலில் மூழ்கியது. சுமார் 25 பேர் ஏற வேண்டிய படகில் 40 பேருக்கும் மேல் ஏற்றப்பட்டிருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சென்ற தமிழர்கள். புயலும் இல்லை, சுனாமியும் இல்லை. ஊர் சுற்றிப் பார்க்கும் சாதாரணப் பிற்பகல் ஒன்றில், ஏற்றக் கூடாத எண்ணிக்கையில் ஆட்களை ஏற்றியதுதான் அந்த வீடுகளில் ஒப்பாரி எழக் காரணம்.

அதன் பிறகாவது நாடு பாடம் கற்றதா? 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு அளவுக்கு மேல் ஆளேற்றி, இருட்டிய பிறகு கிளம்பிக் கவிழ்ந்தது. 22 பேர் பலியானார்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மூழ்கினார்கள். பிள்ளைகளில் பலர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், மும்பையிலிருந்து எலிஃபண்டா தீவுக்குச் சென்ற பயணிகள் படகின் மீது கடற்படையின் விரைவுப் படகு மோதியது. மோதியது வேறொரு படகு என்றாலும், பயணிகள் அனைவரும் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும் என்ற கட்டாயம் அங்கே அந்த விபத்துக்குப் பிறகுதான் வந்தது. ஒவ்வொரு முறையும் இழப்பீடு, விசாரணை, சில வாரக் கெடுபிடி. பிறகு பழைய கதை.

ஏன் இப்படி? படகோட்டிகள் பேராசைக்காரர்கள் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது நியாயமும் ஆகாது, முழு உண்மையும் ஆகாது. ஸ்வராஜ் தீவில் பல்லாண்டு அனுபவமுள்ள முக்குளிப்புப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அலையைப் பார்த்தே கடலின் குணத்தைச் சொல்லும் படகோட்டிகள் இருக்கிறார்கள். கோளாறு ஏற்பாட்டில் இருக்கிறது. சுற்றுலாப் பயணி முன்பணம் கட்டிவிட்டார். முகவர் கமிஷன் எடுத்துவிட்டார். தீவில் பயணிக்கு இருப்பது ஒரே நாள். காற்று சற்றுப் பலமாக அடிக்கிறது என்பதற்காகப் படகை நிறுத்தினால், பணத்தைத் திருப்பித் தர வேண்டியவரும் திட்டு வாங்க வேண்டியவரும் படகுக்காரர்தான். 'நாளைக்கு ஃப்ளைட், இன்றைக்கு விட்டால் எப்போது?' என்று பயணியே நெருக்குகிறார். இந்த நிலையில் 'இன்று கடல் வேண்டாம்' என்று சொல்லும் பொறுப்பைப் படகுக்காரர் தலையிலேயே கட்டுவது, பரீட்சை எழுதியவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பதற்குச் சமம்.

தாய்லாந்தின் ஃபூக்கெட்டில் நடந்ததும் இதுதான். 2018 ஜூலை 5 அன்று, ராச்சா தீவில் ஸ்நார்க்கெலிங் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த 'ஃபீனிக்ஸ்' என்ற படகு கொந்தளிப்பில் கவிழ்ந்து, சீனப் பயணிகள் 47 பேர் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. எச்சரிக்கை இருந்தும் படகு கிளம்பியது. எச்சரிப்பது ஒருவர், முடிவெடுப்பது இன்னொருவர் என்று இருந்தால் எச்சரிக்கை வெறும் காகிதம்தான்.

மாற்று வழி ஒன்றும் நமக்குத் தெரியாததல்ல. ராமேசுவரத்தில் மீன்வளத் துறை டோக்கன் கொடுத்தால்தான் விசைப்படகு கடலுக்குப் போகும். சூறைக்காற்று எச்சரிக்கை வந்தால் டோக்கன் கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கடலில் பிழைப்பவரையே 'இன்று போகாதே' என்று அரசு தடுத்து நிறுத்துகிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம், கடல் சீறினாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ சேவையை நிறுத்திவிடுகிறது. 'படகு சேவை ரத்து, சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்' என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அந்த ஏமாற்றத்தால் யாரும் செத்ததில்லை. கடலை வாழ்நாளெல்லாம் அறிந்தவருக்கு டோக்கன் உண்டு. கடலில் முதல்முறை கால் வைக்கும் பயணிக்கு மட்டும் அந்தக் காவல் ஏன் இல்லை?

அந்தமானில் விதியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. படகுக்கும் நீர் விளையாட்டுக்கும் அனுமதி பெற வேண்டும். புயல் வந்தால் நிர்வாகம் போக்குவரத்தை நிறுத்துகிறது. 2016 டிசம்பரில் அப்படி நிறுத்தியதால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள்; கடற்படையும் கடலோரக் காவல் படையும் அவர்களைப் பத்திரமாக மீட்டன. புயல் நாளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. ஆபத்து இருப்பது, புயலும் இல்லாத அமைதியும் இல்லாத இடைப்பட்ட நாள்களில். அலை கொஞ்சம் உயரம், ஆள் கொஞ்சம் அதிகம், நேரம் கொஞ்சம் குறைவு என்ற அந்த நாள்களில் முடிவு விற்பவரிடமே இருக்கிறது.

ஸ்கூபாவிலும் இதே கதைதான். பயிற்சிச் சான்று இல்லாதவர் பயிற்சியாளரின் கைப்பிடியில் இறங்கிப் பார்க்கும் முதல் முக்குளிப்பு 12 மீட்டர் ஆழத்தைத் தாண்டக் கூடாது என்பது உலகளாவிய நடைமுறை. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை பற்றியெல்லாம் கேட்கும் படிவம் ஒன்றும் உண்டு. ரப்பர் உடையைப் பாதி மாட்டிய நிலையில், மணலில் நின்றுகொண்டு, ஆங்கிலத்தில் இருக்கும் அந்தப் படிவத்தின் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டால், அது யாரைக் காப்பாற்றும்? ஒரே ஒரு முறை இறங்கியவர்கூட விமானம் ஏற 12 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பலமுறை இறங்கியவர் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நீரின் அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழியாக மாறி மூட்டையும் நரம்பையும் தாக்கலாம். ஊர் திரும்பும் நாளின் காலையில் ஸ்கூபாவை நுழைக்கும் பேக்கேஜ், இந்த எளிய உடலியலைக்கூட மதிக்கவில்லை என்றே பொருள்.

கடலுக்கும் இதே நியாயம் பொருந்தும். அந்தமான் பவளப்பாறைகள் 2010இல் கடல் சூடேறியதால் பெருமளவில் வெளுத்துப்போயின. 2024 ஏப்ரலில், உலகப் பவளப்பாறைகள் நான்காவது முறையாகப் பெருமளவில் வெளுத்துவருவதை அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம் உறுதிசெய்தது. பாறைபோல் திரளும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். பயந்துபோன ஒருவர் நிலைகொள்ள இடம் தேடி அதன்மீது கால் ஊன்றினால், பல ஆண்டுகளின் வளர்ச்சி ஒரு நொடியில் பாழாகிவிடலாம். பவளத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிக்கு நிகரான காவல் தந்திருக்கிறது. ஆனால், அதன்மேல் ஒரு நாளில் எத்தனை பேரை நீந்தவிடலாம் என்பதைச் சந்தையே தீர்மானிக்கிறது.

மற்ற நாடுகள் துணிந்திருக்கின்றன. மலேசியாவின் சிப்பாடான் தீவிலிருந்த விடுதிகள் 2004ஆம் ஆண்டோடு அகற்றப்பட்டன. அங்கே முக்குளிக்க நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று அனுமதிச் சீட்டு உண்டு. தாய்லாந்து தன் புகழ்பெற்ற மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடி, மூன்றரை ஆண்டுகள் கழித்து 2022 ஜனவரியில்தான் திறந்தது. படகுகள் இப்போது விரிகுடாவுக்குள் நுழைய முடியாது. பயணிகளை மறுபக்கத்தில்தான் இறக்க வேண்டும். இங்கேயோ, 2023 ஜூலையில் போர்ட் பிளேரில் திறக்கப்பட்ட புதிய விமான முனையம் ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளும் திறன் கொண்டது. 2011 கணக்கெடுப்பில் அந்தத் தீவுகளின் மக்கள்தொகையோ நான்கு லட்சத்துக்கும் குறைவு. விமான நிலையத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டவர்கள் ஜெட்டியின் கொள்ளளவையும் பவளத்தின் கொள்ளளவையும் கணக்கிட வேண்டாமா?

கட்டுப்பாடு வந்தால் தீவு மக்களின் பிழைப்பு போய்விடும் என்ற வாதம் எழும். அது அலட்சியப்படுத்தக் கூடிய வாதம் அல்ல. சில மாத வருமானத்தில் ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துபவர்கள் அவர்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. ஆனால், ஃபூக்கெட் விபத்துக்குப் பின் தாய்லாந்துக்குச் செல்லும் சீனப் பயணிகளின் எண்ணிக்கை மாதக்கணக்கில் சரிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு படகு கவிழ்ந்தால், ஒழுங்காகத் தொழில் செய்த நூறு படகுகளின் பிழைப்பும் சேர்ந்து கவிழ்கிறது. விதியை மதித்து 25 பேரோடு கிளம்பும் படகுக்காரர், விதியை மீறி 40 பேரை ஏற்றுபவரிடம் விலையில் தோற்கிறார். கண்டிப்பான கட்டுப்பாடு நேர்மையான தொழிலாளிக்குத்தான் முதலில் கை கொடுக்கும்.

ஆகவே நாம் வலியுறுத்துவது இதுதான். சுற்றுலாப் படகு கிளம்பும் ஒவ்வொரு ஜெட்டியிலும், வருமானத்தில் பங்கில்லாத ஓர் அதிகாரி தினமும் காலையில் கடலைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுத்து, எல்லோரும் காணும்படி அறிவிக்க வேண்டும். நிலைமை மாறினால் நடுப்பகலிலும் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். கடல் மூடப்பட்டால் பயணிக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். படகுக்காரரின் அன்றைய இழப்பை ஈடுசெய்ய, ஒவ்வொரு டிக்கெட்டிலும் சிறு தொகை பிடித்து ஒரு பொது நிதி உருவாக்க வேண்டும். 'வேண்டாம்' என்று சொல்வதால் யாரும் நஷ்டப்படாதபோதுதான் அந்தச் சொல் துணிவாக வெளிவரும். படகில் எத்தனை பேருக்கு அனுமதி என்பது அதன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தலைகளை எண்ணிக் கையெழுத்திட்ட பிறகே கயிறு அவிழ வேண்டும். ஸ்கூபா உடல்நலப் படிவம் பயணியின் மொழியில், முதல் நாளே அவர் கைக்கு வர வேண்டும். பவளப்பாறைக்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு அறிவியலாளர்களின் ஆலோசனையோடு வகுக்கப்பட வேண்டும்.

பயணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே நாளில் ஆறு விளையாட்டுகளைக் கேட்காதீர்கள். தீவுக்கு இன்னும் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள் கடல் மூடினாலும் மறுநாள் இருக்கிறது என்ற நிலையில் யாரும் யாரையும் நெருக்க வேண்டியதில்லை. தன் மக்கள் பலரை அந்தக் கடலில் பறிகொடுத்த மாநிலம் என்ற முறையில், இக்கோரிக்கையை மத்திய உள்துறைக்கும் அந்தமான் நிர்வாகத்துக்கும் எடுத்துச் செல்லும் உரிமையும் கடமையும் தமிழ்நாட்டு அரசுக்கு உண்டு. அடுத்த விடுமுறைக் கூட்டம் விமானம் ஏறுவதற்கு முன் அதைச் செய்ய வேண்டும்.