தெரிந்தெடுத்தலும் சரிபார்த்தலும்

தமிழ் பயிலும் மாணவர்க்கு நிரல் எழுதும் பயிற்சி வேண்டுவதில்லை என்பார் நம்மிடையே பலர். அது கணிப்பொறித் துறையார்க்கே உரியது, இலக்கியம் கற்போர்க்கு அதனால் ஆவது யாது என்பது அவர்தம் வினா. அக்கருத்துப் பொருந்தாது என்பதை ஒரு சிறு காரியங்கொண்டு காட்ட விழைகின்றேன். விரிதாளில் நிறைந்து கிடக்கும் செய்திகளுள் வேண்டியவற்றை மட்டும் நிரலாற் பிரித்தெடுத்து உரைக்கோப்பொன்றில் எழுதிவைத்தலே அக்காரியம்.

குறுந்தொகைச் செய்யுட்கள் 401-ஐயும் எக்ஸெல் விரிதாளில் வரிசைப்படுத்தியிருப்பதாகக் கொள்வோம். செய்யுளுக்கு ஒரு கிடைவரி. எண், திணை, பாடினோர், பாடல் என நெடுவரிகள் நான்கு. அவற்றுள் ஔவையார் பாடியவற்றை மட்டும் எடுத்தல் வேண்டும். கையாற் படியெடுப்போன் கண்ணாற் கண்டு ஒவ்வொன்றாய் ஒட்டிச் செல்வான். ஒன்று விடுபடினும், ஒன்று இருமுறை வரினும், அவன் எவ்வாறு தெரிந்தெடுத்தான் என்பதற்குச் சான்று யாதும் எஞ்சாது. நிரல் எழுதுவோனோ தன் விதியை முதற்கண் எழுத்தில் வடித்தாகல் வேண்டும். விரிதாளைச் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து, 'பாடினோர் என்னும் நெடுவரியில் ஔவையார் என்றிருப்பின் எண்ணையும் பாடலையும் எழுதுக. இன்றேல் விடுக' என்னும் விதியைப் பைத்தான் மொழியிற் பத்து வரிகளுள் அமைத்துவிடலாம். கோப்பைப் படிக்கும்போதும் எழுதும்போதும் யு.டி.எஃப்-8 குறியாக்கத்தைக் குறிப்பிடுதல் நன்று. தவறின் தமிழெழுத்துக்கள் உருச்சிதைதல் கூடும்.

ஆயினும், நிரல் பிழையே செய்யாதென மயங்குதல் கூடாது. 'ஔ' என்னும் ஓரெழுத்தை 'ஒ', 'ள' என இரண்டாகத் தட்டுவோர் உளர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கோ வெவ்வேறு. பெயரின் ஈற்றில் ஓர் இடைவெளி மிகினும் அவ்வாறே. அத்தகைய வரிகளை நிரல் வாய்பேசாது விட்டுச் செல்லும். ஆதலின், நெடுவரியிலுள்ள பெயர் வடிவங்கள் அனைத்தையும் முதலிற் பட்டியலிட்டு நோக்குக. எழுத்து வேற்றுமை அதனால் வெளிப்படும். பின்னர், எடுத்தவையும் விடுத்தவையும் கூடி 401 ஆகின்றனவா என எண்ணுக. வரி உதிர்ந்திருப்பின் அதனால் வெளிப்படும்.

எண்ணிக் காணாதவழி நேர்வது யாதென்பதை 2020-ஆம் ஆண்டில் இங்கிலாந்து கண்டது. கொரோனாத் தொற்றுடையோர் பற்றி ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய கோப்புக்கள் அங்குப் பழைய எக்ஸெல் வடிவிற்குத் தானியங்கு முறையில் மாற்றப்பெற்றன. அவ்வடிவம் 65,536 கிடைவரிகளுக்குமேற் கொள்ளாது, மிகுந்தவை உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் நாட்கணக்கில் விடுபட்டனர். அவரோடு பழகியோரைத் தேடி எச்சரித்தல் அதனால் தாமதமாயிற்று. விடுபட்டது வெறும் வரியன்று. அதன்பின் நின்ற மனிதர் என்பதை நாம் மறத்தலாகாது.

நிரலும் பிழைபடுமாயின் கைவேலையே போதாதோ எனின், போதாது. கையின் பிழை அக்கையோடே மறையும். நிரலின் பிழை எழுத்தாய் நிற்கும். ஆசிரியர் அதனைப் படித்துத் திருத்தலாம்; பின்வரும் மாணவர் மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். விளைந்த உரைக்கோப்பும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளையே சார்ந்து நில்லாது.

இம்முறை நமக்குப் புதியதும் அன்று. குறுந்தொகைக்கு 4 முதல் 8, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31 என அடியளவு வகுத்தன்றோ நம் முன்னோர் தொகை நூல்களைப் பகுத்தனர்? அவ்விதி நமக்குத் தெரிந்திருத்தலாலேயே, குறுந்தொகையின் 307, 391-ஆம் செய்யுட்கள் 9 அடியால் வந்து அளவு மிகுந்தன என்று இன்று சுட்ட இயலுகின்றது. விதி மறைந்திருப்பின் விலக்கும் மறைந்தே போயிருக்கும்.

ஆகவே, செய்யுட்களையோ சொற்களையோ எண்ணி முடிபு கூறும் ஆய்வேடு ஒவ்வொன்றின் இறுதியிலும், அவற்றைத் தெரிந்தெடுத்த நிரலும் எண்ணிக்கையும் இணைக்கப்பெறல் வேண்டும் என்பது என் துணிபு. தமிழ்த்துறை மாணவர் இதனைப் பிறர்பால் விடாது தாமே கற்பாராக.