பாட்டி கேக்கும் பட்டைப் பஞ்சாயத்தும்

பட்டைச்சுருள் கேக் பத்தி யார் வாயைத் திறந்தாலும், "பரம்பரைப் பக்குவம், கை வைக்காதே"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பிடுது. 2013-ல் டென்மார்க்கில் நடந்ததும் இதேதான் மக்களே. பட்டையில் இருக்கும் கூமரின் கல்லீரலுக்கு ஆகாதுன்னு 2008-ல் ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வச்சது: பேக்கரிப் பண்டத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். அதை அமல்படுத்தப் போனதும் பட்டைச்சுருள் பன் சுடுறவங்க கொந்தளிச்சாங்க. 2014-ல் அது 'பாரம்பரியப் பண்டம்'னு ஆச்சு, வரம்பும் 50 ஆச்சு.

ஏங்க, பாரம்பரியம்னு பேர் வச்சா கூமரின் குறைஞ்சிடுமா?

குற்றவாளி காசியா. தடியா, ஒற்றைத் தோலா, மலிவா கிடைக்குதே, அதுதான். இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகக் குறைவு. காகிதம் மாதிரி மெல்லிசா, சுருட்டு போல பல அடுக்கா இருக்கும். விலை கூடத்தான், இருக்கட்டுமே.

என்னைக்கோ ஒரு துண்டு தின்னா ஒண்ணும் ஆகாது. ஆனா தினமும் தின்கிற பிள்ளைக்கு? 15 கிலோ எடைன்னா நாளைக்கு 1.5 மில்லிகிராம்தான் கணக்கு. அரை கிராம் காசியாப் பொடியே அதைத் தொட்டுடலாம்.

பாட்டியோட வெண்ணெய் அளவை மாத்தாதீங்க, மாவைச் சுழிக்கிற கத்தியையும் மாத்தாதீங்க. பட்டையை மட்டும் மாத்துங்க. பாட்டி கோவிச்சுக்க மாட்டாங்க, பேரப்பிள்ளைக்குத்தானே!